ஜப்பானில் ஆங்கில வழியில் சட்டமும் அரசியலும்: சேரும் முன் தெரிந்துகொள்வோம்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் மேற்படிப்புப் பேச்சு தொடங்கிவிடும். வெளிநாடு என்றால் மருத்துவமும் பொறியியலும்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். ஜப்பான் என்றால் கேட்கவே வேண்டாம், இயந்திரங்களும் எலக்ட்ரானிக்ஸும்தான். ஆனால் அந்த நாட்டின் பல்கலைக்கழகங்களில் சட்டத்தையும் அரசியலையும் முழுக்க ஆங்கிலத்திலேயே படித்துப் பட்டம் பெறலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலருக்கு அதன் முழு விவரம் தெரியாது.

இந்தப் படிப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகளைச் சுருக்கினால் இரண்டில் அடங்கிவிடும். ஜப்பானிய மொழி தெரியாமல் சேர்ந்து படிக்க முடியுமா? படித்து முடித்தால் பிள்ளை வக்கீல் ஆகிவிடுவானா? முதல் கேள்விக்கு விடை, முடியும். இரண்டாவது கேள்விக்கு விடை, ஆக முடியாது. ஜப்பானிலும் ஆக முடியாது, ஊர் திரும்பினாலும் நேரடியாக ஆக முடியாது. இந்த இரண்டு விடைகளையும் சேர்த்துப் புரிந்துகொள்ளாமல் நகையை விற்றோ நிலத்தை விற்றோ பணம் கட்டினால் பின்னால் வருந்த நேரிடும். புரிந்துகொண்டு சேர்பவர்களுக்கு இது மிக நல்ல படிப்பு. அந்த வேறுபாட்டை விளக்கவே இந்தக் கட்டுரை.

ஆங்கில வழி எப்படி வந்தது?

ஜப்பானில் தாய்மொழியில்தான் எல்லாக் கல்வியும். மருத்துவம், சட்டம், அணு அறிவியல் எதுவானாலும் ஜப்பானிய மொழியில்தான் கற்பிக்கிறார்கள். இதில் அவர்கள் பெருமை கொள்வதும் உண்டு. ஆனால் பிறப்பு விகிதம் குறைந்து, கல்லூரிக்கு வரும் இளைஞர்களின் எண்ணிக்கை சரியத் தொடங்கியதும் வெளிநாட்டு மாணவர்களை வரவழைக்க வேண்டிய தேவை வந்தது. 2020க்குள் 3 லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்ற இலக்கை 2008இல் ஜப்பான் அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டே 'குளோபல் 30' என்ற திட்டம் தொடங்கியது. டோக்கியோ, கியோத்தோ, நகோயா, கியூஷு, வசேடா, கெய்யோ, சோஃபியா உள்ளிட்ட 13 பல்கலைக்கழகங்கள் அதற்குத் தேர்வாயின. ஆங்கிலத்திலேயே படித்துப் பட்டம் பெறும் பாடப்பிரிவுகளை அவை தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை. 3 லட்சம் என்ற இலக்கை 2019லேயே எட்டிவிட்டார்கள். இப்போதைய இலக்கு, 2033க்குள் 4 லட்சம்.

சட்டத்தில் இந்த முயற்சி இன்னும் பழையது. ஃபுகுவோகா நகரிலுள்ள கியூஷு பல்கலைக்கழகம் 1994லேயே ஆங்கில வழியில் எல்.எல்.எம். படிப்பைத் தொடங்கியது. முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் சட்டப் பட்டப் படிப்பு ஜப்பானில் அதுவே முதல்.

எங்கே, என்ன படிக்கலாம்?

இளநிலைப் படிப்பில் அரசியலுக்குத்தான் வாய்ப்பு அதிகம். டோக்கியோவில் உள்ள வசேடா பல்கலைக்கழகத்தின் அரசியல் மற்றும் பொருளாதாரப் பள்ளியில் நான்கு ஆண்டுப் பட்டத்தை ஆங்கிலத்திலேயே முடிக்கலாம். நகோயா பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் என்ற பிரிவின் கீழ், சட்டப் பள்ளியின் மாணவராக ஆங்கில வழியில் சேரலாம். ஆனால் பெயர் சட்டப் பள்ளி என்றிருந்தாலும் பாடத்தில் அரசியல் அறிவியலின் பங்கே பெரிது. பெப்பு நகரில் 2000இல் தொடங்கப்பட்ட ரிட்சுமெய்கன் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளை ஆங்கிலத்தில் படிக்கலாம். அங்கே மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டவர்கள்.

முதுநிலைப் படிப்பில்தான் சட்டம் விரிவாகக் கிடைக்கிறது. கியூஷுவில் பன்னாட்டுப் பொருளாதார, வணிகச் சட்டம். நகோயாவில் ஒப்பீட்டுச் சட்டம். கெய்யோவின் சட்டப் பள்ளியில் 2017 முதல் ஆங்கில எல்.எல்.எம். அரசு நிர்வாகம், பொதுக் கொள்கை என்று போக விரும்புவோருக்கு டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பொதுக் கொள்கைப் பள்ளியும், கிரிப்ஸ் என்று அழைக்கப்படும் தேசியக் கொள்கை ஆய்வுப் பட்டதாரி நிறுவனமும் பேர்பெற்றவை. ஆசிய நாடுகள் பலவற்றின் அரசு அதிகாரிகள் கிரிப்ஸில் படித்துத் திரும்பியிருக்கிறார்கள்.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆங்கில வழிப் படிப்புகளோ பெரும்பாலும் செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்குகின்றன. விண்ணப்ப வேலைகள் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே ஆரம்பித்துவிடும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு தேடத் தொடங்கினால் பெரும்பாலும் அந்த ஆண்டு கை நழுவிவிடும்.

வகுப்பில் என்ன கற்கிறார்கள்?

ஜப்பானின் சட்ட வரலாறே ஒரு நல்ல பாடம். மேலைநாடுகள் திணித்த சமமற்ற ஒப்பந்தங்களிலிருந்து விடுபட, தங்கள் சட்டங்களை அவர்கள் மதிக்கும் வடிவத்தில் எழுத வேண்டிய கட்டாயம் மெய்ஜி காலத்தில் வந்தது. 1873இல் பிரான்சிலிருந்து புவாசொனாட் என்ற சட்ட அறிஞரை வரவழைத்தார்கள். பிறகு ஜெர்மன் மாதிரியின் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். 1898இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம், பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் உள்ளது. நம் இந்திய, இலங்கை நீதிமன்றங்களில் முந்தைய தீர்ப்புகளுக்கு இருக்கும் இடம் வேறு, அங்கே தொகுக்கப்பட்ட சட்டப் பிரிவுகளுக்கு இருக்கும் இடம் வேறு. நம் ஊரில் சட்டம் படித்தவர்களுக்கு இந்த ஒப்பீடே பெரிய லாபம்.

அடுத்தது அரசியல் சாசனம். போரில் தோற்ற ஜப்பானுக்கு அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் எழுதப்பட்ட சாசனம் 1947 மே 3இல் நடைமுறைக்கு வந்தது. இன்றுவரை அதில் ஒரு சொல்கூடத் திருத்தப்படவில்லை. போரைத் துறக்கும் 9ஆவது பிரிவை வைத்துக்கொண்டே ஜப்பான் எப்படித் தற்காப்புப் படை வைத்திருக்கிறது என்பது அங்கே முடிவில்லாத விவாதம்.

இந்தப் பாடங்களில் நம் நாட்டவர் இருவரின் பெயரும் வரும். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் அமர்ந்த 11 நீதிபதிகளில் ஒருவர் இந்தியாவின் ராதாபினோத் பால். போருக்குப் பின் உருவாக்கப்பட்ட குற்றப் பிரிவைக் கொண்டு முன்பு செய்ததைத் தண்டிக்க முடியாது என்று வாதிட்டு, குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று அவர் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். ஜப்பானியப் படைகள் செய்த கொடுமைகளை அவர் மறுக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இன்னொருவர் இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்த்தன. 1951இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில், ஜப்பானிடம் இலங்கை இழப்பீடு கேட்காது என்று அவர் பேசியதை ஜப்பானியர் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள்.

முஸ்லிம் மாணவர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய வழக்கு ஒன்றும் உண்டு. 2010 அக்டோபரில் டோக்கியோ காவல்துறையின் உளவு ஆவணங்கள் இணையத்தில் கசிந்தன. பள்ளிவாசலுக்குப் போய்வந்தவர்கள், அவர்களின் குடும்ப விவரங்கள், வங்கி விவரங்கள் எல்லாம் அதில் இருந்தன. பாதிக்கப்பட்ட 17 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2014 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 9 கோடி யென்னுக்கும் அதிகமான இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஆனால் அந்தத் தொகை, விவரங்களைப் பாதுகாக்கத் தவறிக் கசியவிட்டதற்காக மட்டும்தான். கண்காணித்ததே தவறு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றமும் அந்த நிலையை மாற்றவில்லை. மதச் சுதந்திரத்துக்கு உறுதியளிக்கும் 20ஆவது பிரிவு சாசனத்தில் இருக்கிறது. அது இருந்தும் தீர்ப்பு ஏன் இப்படி அமைந்தது என்று கேட்கும்போதுதான் சட்டப் படிப்பு தொடங்குகிறது.

அரசியலையும் சட்டத்தையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு, மையவாடிப் பிரச்சினை. ஜப்பானில் இறந்தவர்களை எரிப்பதே ஏறக்குறைய முழுமையான வழக்கம். ஆனால் அடக்கம் செய்வதை நாட்டின் சட்டம் தடுக்கவில்லை. மையவாடி அமைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். பெப்பு முஸ்லிம்கள் அருகிலுள்ள ஹிஜி என்ற சிற்றூரில் மையவாடி அமைக்கப் பல ஆண்டுகளாக முயன்றார்கள். நிலத்தடி நீர் கெடும் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். ஊர் நிலத்தை விற்க மறுக்கும் நிலைப்பாடு கொண்டவர் 2024இல் அவ்வூர் மேயராகத் தேர்வானார். சட்டத்தில் கதவு திறந்திருந்தும் உள்ளூர் அரசியல் அதை மூடிவிட முடியும் என்பதைப் புத்தகம் இல்லாமலே கற்றுக்கொடுக்கும் நிகழ்வு இது.

பிறகு ஏன் வக்கீல் ஆக முடியாது?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஜப்பானில் வழக்கறிஞராக வேண்டுமானால் தேசிய சட்டத் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வை எழுதத் தகுதி பெற, 2004இல் தொடங்கப்பட்ட தொழில்முறைச் சட்டப் பள்ளி ஒன்றில் படித்திருக்க வேண்டும், அல்லது கடினமான முன்னோடித் தேர்வில் வென்றிருக்க வேண்டும். தேறிய பிறகு ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சியும் உண்டு. இவை அனைத்தும் ஜப்பானிய மொழியில்தான் நடக்கின்றன. ஆங்கில எல்.எல்.எம். இதற்கு வழியல்ல.

வெளிநாட்டவர் என்பது இதற்குத் தடையில்லை. கொரிய வம்சாவளியைச் சேர்ந்த கிம் கியோங் டோக் என்பவர், தன் குடியுரிமையை விட்டுக்கொடுக்காமலேயே பயிற்சியில் சேர 1977இல் உச்ச நீதிமன்றத்தின் அனுமதியைப் போராடிப் பெற்றார். அவர் ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்தவர். தடையாக இருந்தது குடியுரிமை, மொழியல்ல. நம் பிள்ளைகளுக்கு நிலைமை தலைகீழ்.

ஜப்பானிய நீதி அமைச்சகம் 2009 முதல் சட்டங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை இணையத்தில் தருகிறது. மிகப் பயனுள்ள சேவை. ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது ஜப்பானிய மூலம் மட்டுமே என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். மேலே சொன்ன உளவு வழக்கின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கலாம். அதே போன்ற ஒரு வழக்கில் பாதிக்கப்பட்டவருக்காக வாதாட வேண்டுமானால் ஜப்பானிய மொழி இல்லாமல் முடியாது.

ஊர் திரும்பினால்? வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை ஏற்பதா என்பதை இந்தியாவில் இந்திய பார் கவுன்சில்தான் முடிவு செய்கிறது. ஏற்கப்பட்ட பட்டம் என்றாலும் தனித் தகுதித் தேர்வு உண்டு. அரசியல் அறிவியல் பட்டமோ சட்டப் பட்டமாகவே கருதப்படாது. ஓராண்டு எல்.எல்.எம். என்பது ஏற்கெனவே உள்ள எல்.எல்.பி.க்கு மேல் சேர்வது, அதற்கு மாற்று அல்ல. இலங்கையிலும் இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைக் கடக்காமல் சட்டத்தரணி ஆக இயலாது. 'ஜப்பானில் சட்டப் பட்டம், கைநிறையச் சம்பளம்' என்று யாராவது சொன்னால், 'எந்த நாட்டு நீதிமன்றத்தில் அங்கி அணிய முடியும்?' என்று அவரிடமே கேளுங்கள்.

யாருக்கு ஏற்றது?

முதலாவது, ஊரிலேயே எல்.எல்.பி. முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்கள். இவர்களுக்கு ஜப்பானிய எல்.எல்.எம். உண்மையான கூடுதல் பலம். தமிழ்நாட்டில் ஜப்பானிய நிறுவனங்கள் பல இயங்குகின்றன. ஒப்பந்தம், முதலீடு, நடுவர் தீர்ப்பு போன்ற வேலைகளில் இரு நாட்டுச் சட்டமும் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. அனுபவம் வாய்ந்த வெளிநாட்டு வழக்கறிஞர்கள், தங்கள் நாட்டுச் சட்டம் குறித்து ஜப்பானிலேயே ஆலோசனை வழங்க 1987 முதல் தனிப் பதிவு முறையும் இருக்கிறது. அதற்கும் அடிப்படை, சொந்த நாட்டில் பெற்ற வழக்கறிஞர் தகுதிதான்.

இரண்டாவது, ஆய்வு, இதழியல், தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், வெளியுறவு என்று போக விரும்புபவர்கள். அரசியல், பொதுக் கொள்கைப் பட்டத்துக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அது எந்த நாட்டுக்கும் கூடவே வரும்.

மூன்றாவது, அரசு அதிகாரிகள். இலங்கை அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஜே.டி.எஸ். என்ற ஜப்பானிய உதவித் திட்டம் முதுநிலைப் படிப்புக்கு வழி செய்கிறது.

ஜப்பானிலேயே வேலை தேட நினைப்பவர்கள் மொழியையும் கற்றே ஆக வேண்டும். ஐந்து நிலைகள் கொண்ட ஜப்பானிய மொழித் தேர்வில் இரண்டாம் நிலையையாவது பெரும்பாலான நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. சென்னையிலும் இந்தத் தேர்வு நடக்கிறது. இளநிலையின் நான்கு ஆண்டுகள் அந்த நிலையை எட்டப் போதும், முதல் பருவத்திலேயே தொடங்கினால்.

தகுதியில் ஒரு சிக்கல்

இளநிலையில் சேரப் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வி, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். முதுநிலையில் நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானில் முதுநிலைக்குப் பதினாறு ஆண்டுக் கல்வி என்பது வழக்கமான அளவுகோல். பன்னிரண்டோடு மூன்றாண்டு பி.ஏ. சேர்ந்தால் பதினைந்துதான் வருகிறது. அப்படிப்பட்டவர்களின் தகுதியைப் பல்கலைக்கழகம் தனியாகப் பரிசீலிக்க வேண்டியிருக்கும். விண்ணப்பத்துக்கு முன்பே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. முடித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

செலவும் உதவித்தொகையும்

தேசியப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் பொதுவாக 5,35,800 யென், சுமார் 3 லட்சம் இந்திய ரூபாய். சேர்க்கைக் கட்டணம் ஒரு முறை 2,82,000 யென். டோக்கியோ பல்கலைக்கழகம் போன்ற சில, கட்டணத்தை அண்மையில் உயர்த்தியுள்ளன. வசேடா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் யென்னைத் தாண்டும். தங்குமிடம், உணவு தனி.

ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் 'மெக்ஸ்ட்' உதவித்தொகை கிடைத்தால் கட்டணம், விமானச் சீட்டு இரண்டும் இல்லை. முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்கு மாதம் 1,43,000 முதல் 1,45,000 யென் வரை கிடைக்கும். தூதரகம் வழியாகவும் பல்கலைக்கழகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தூதரகம் வழியாக இளநிலைக்குத் தேர்வாகிறவர்கள் ஓராண்டு ஜப்பானிய மொழி கற்று, அந்த மொழியிலேயே படிக்க வேண்டியிருக்கும். கடினம்தான். ஆனால் சட்டத்தை அதன் மொழியிலேயே கற்க விரும்பும் பிள்ளைக்கு அதுவே நேர்வழி.

அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். அதை நம்பி மட்டுமே கணக்குப் போடக் கூடாது. சட்டப் புத்தகங்கள் கேட்கும் நேரம் அதிகம். வட்டிக்குக் கடன் வாங்க விரும்பாத குடும்பங்கள், ஓராண்டு தள்ளிப் போனாலும் உதவித்தொகைக்கு முயல்வதே சிறந்தது.

தொழுகையும் உணவும்

பல பல்கலைக்கழக உணவகங்களில் இன்று ஹலால் உணவு கிடைக்கிறது. டோக்கியோ, கோபே, நகோயா, ஃபுகுவோகா, பெப்பு எல்லாவற்றிலும் பள்ளிவாசல்கள் உண்டு. 1935இல் திறக்கப்பட்ட கோபே பள்ளிவாசலைக் கட்டியதில் இந்திய வணிகர்களுக்கும் பங்கு உண்டு. ஃபுகுவோகா பள்ளிவாசல், கியூஷு பல்கலைக்கழக முஸ்லிம் மாணவர்களின் முயற்சியால் 2009இல் எழுந்தது. பல்கலைக்கழகத்தின் பழைய வளாகத்துக்குப் பக்கத்திலேயே அமைத்தார்கள். 2018இல் சட்டத் துறை உட்பட எல்லாம் நகரின் மேற்கே இத்தோ வளாகத்துக்குப் போய்விட்டதால், இப்போதைய மாணவர்களுக்கு ஜும்ஆ என்பது ஒரு பயணம். பாட அட்டவணையைத் தேர்வு செய்யும்போதே வெள்ளி நண்பகலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவாக

பணம் கட்டும் முன் பிள்ளையை அருகில் அமர்த்தி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வக்கீல் ஆவதே கனவு என்றால், முதலில் இங்கேயே எல்.எல்.பி. முடித்துப் பதிவு செய்யத் தயாரா? உலகத்தைப் புரிந்துகொண்டு எழுதவும் ஆராயவும் நிர்வாகம் செய்யவும் ஆசை என்றால், பட்டம் மட்டுமே வேலை தந்துவிடாது என்பது தெரியுமா? ஜப்பானிலேயே வாழ விருப்பம் என்றால், முதல் நாளிலிருந்தே அந்த மொழியோடு மல்லுக்கட்டத் தயாரா?

மூன்றில் ஒன்றுக்காவது தெளிவான 'ஆம்' வந்தால் தயங்காமல் அனுப்பலாம். நம் சமுதாயத்தில் மருத்துவரும் பொறியாளரும் நிறையவே உருவாகிவிட்டார்கள். தீர்ப்பை வாசித்து, அது ஏன் இப்படி வந்தது என்று கேட்கத் தெரிந்தவர்கள்தான் இன்னும் குறைவு.